கட்டை போடுகிறவர் எட்டுப் போட்ட கதை

மோட்டார் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்ள வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மோட்டார் சைக்கிளில்தான் வருவார்கள். வண்டியை மர நிழலில் நிறுத்தி, சைடு ஸ்டாண்டு போட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே உள்ளே வந்து, "வண்டி ஓட்டக் கத்துக்கணும் மாஸ்டர், இன்னா வழி?" என்று கேட்பார்கள். செங்கல்பட்டில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் இருபத்திரண்டு வருடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒருவர்கூடச் சிரித்துக்கொண்டு கேட்டதில்லை. நானும் சிரிக்காமல்தான் பதில் சொன்னேன்.

முதலில் எல்.எல்.ஆர். என்கிற பழகுநர் லைசென்ஸ் போட வேண்டும். நாற்பது வயது தாண்டியிருந்தால் டாக்டர் சான்று. கம்ப்யூட்டரில் கேள்வி கேட்கும், பதில் சொல்ல வேண்டும். அது கைக்கு வந்ததும் வண்டிக்கு முன்னும் பின்னும் சிவப்பில் எல் எழுத்து ஒட்ட வேண்டும். முப்பது நாள் கழித்து, ஆறு மாதம் முடிவதற்குள் டெஸ்டு. கியர் வண்டியா, கியர் இல்லாததா என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கியர் லைசென்ஸ் இருந்தால் இரண்டையும் ஓட்டலாம். கியர் இல்லாத லைசென்ஸை வைத்துக்கொண்டு கியர் வண்டியைத் தொடக் கூடாது. இதைச் சொல்லி முடித்ததும் வந்தவர் தலையாட்டிவிட்டு, கியர் வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

இப்போது டெஸ்டு மைதானத்தில் கம்பம் நட்டு கேமரா மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். இனி எட்டுப் போடுவதை மனிதர் பார்க்க மாட்டார், மெஷின் பார்க்குமாம். எனக்கு வேலை முடிந்து இரண்டு வருடம் ஆகிறது. டீக்கடையில் பார்க்கும்போதெல்லாம் புதிதாக வந்திருக்கும் மாஸ்டர்கள், "உங்க டைம்ல எப்டி அண்ணாத்த பிரேக் இன்ஸ்பெக்டர் மேடத்த சமாளிச்சீங்க?" என்று கேட்கிறார்கள். வாயால் சொன்னால் பாதியில் டீ வந்துவிடுகிறது. அதனால் எழுதுகிறேன்.

நான் ஆறாவது வரை படித்தேன். ஏழாவதுக்குப் போகிற வழியில் ஒரு லாரி நின்றது, ஏறிவிட்டேன். நாக்பூர் வரை கிளீனராகப் போனேன். விஜயவாடாவில் டிரைவர் என்னை மறந்துவிட்டுப் போனதில் நான்கு நாள் ஸ்டேஷன் குழாய்த் தண்ணீரில் இருந்தேன். கோவளத்தில் ஐஸ் பாரம் இடது காலில் விழுந்து இரண்டு விரல் போனது. அந்தக் காலால் கியர் போட முடியுமா என்று கேட்பார்கள். மீதி மூன்று இருக்கிறதே. கடைசியில் மாமல்லபுரத்தில் வெள்ளைக்காரர்களுக்கு மொபெட் வாடகைக்கு விடும் கடையில் சேர்ந்தேன். ஓட்டத் தெரியாத வெள்ளைக்காரரைக் கடற்கோயில் வரை ஓட்டத் தெரிந்தவராக்கி அனுப்ப வேண்டும், அவர் வண்டியோடு திரும்பி வர வேண்டும். பாஷை கிடையாது. கை காட்டுவேன், கத்துவேன். பெரும்பாலும் திரும்பி வந்தார்கள். அப்படித்தான் நான் மாஸ்டர் ஆனேன்.

செங்கல்பட்டு டிரைவிங் ஸ்கூலின் முதலாளி ஏகாம்பரம். எப்போதும் வெள்ளைச் சட்டை, சட்டைப் பையில் இரண்டு பேனா. அவர் வாழ்நாளில் இருசக்கர வண்டி எதிலும் ஏறியதில்லை. சைக்கிள்கூட. ஷேர் ஆட்டோவில் வந்து ஷேர் ஆட்டோவில் போவார். ஆனால் முதல் மூன்று நாள் வகுப்பை அவர்தான் எடுப்பார். ஆபீஸ் பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அதன்மேல் குதிரை ஏறுவதுபோல் உட்கார்ந்து, முதுகுச் சாய்மானத்தின் இரண்டு மூலைகளைப் பிடித்துக்கொள்வார். வலது மூலை ஆக்சிலேட்டர், இடது மூலை கிளட்ச். "கிளட்ச வுடறது எப்டி வுடணும்? பூப்போல. இன்னா போல?" என்பார். "பூப்போல சார்" என்று எல்லாரும் சொல்ல வேண்டும். ஏகாம்பரத்தின் நாற்காலி ஒரு தடவைகூட ஆஃப் ஆனதில்லை.

சட்டப்படி மாஸ்டருக்குப் படிப்பு வேண்டும், சான்றிதழ் வேண்டும். இரண்டும் ஏகாம்பரத்தின் அக்கா மகனிடம் இருந்தன. அவர் துபாயில் இருந்தார். அவர் போட்டோ மட்டும் சுவரில் மாட்டியிருந்தது. ஸ்கூலைச் சோதனை போட அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்தால் நான் போய் மாணவர்களோடு பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். பதிவேட்டிலும் என் பெயர் மாணவர் பட்டியலில்தான் இருந்தது. அந்தக் கணக்குப்படி நான் அந்த ஸ்கூலின் மிகப் பழைய மாணவன்.

பிரேக் இன்ஸ்பெக்டர் மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பது பேப்பரில் உள்ள பெயர், எங்கள் பக்கத்தில் எல்லாருமே பிரேக் இன்ஸ்பெக்டர் என்றுதான் சொல்வோம். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மேடம் நேர்மையானவர். காலை பத்து மணிக்குக் கறுப்புக் குடையை விரித்துக்கொண்டு மைதானத்துக்கு வந்து, எட்டின் இரண்டு வளையமும் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் நிற்பார். நின்றால் நின்றதுதான். தலை மட்டும் திரும்பும். எட்டுப் போடும்போது கால் தரையில் படக் கூடாது. பட்டதா, படவில்லையா என்பதைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் முக்கியம் இல்லை.

அவர் பாஸ் என்றும் சொல்ல மாட்டார், ஃபெயில் என்றும் சொல்ல மாட்டார். எழுதிக்கொண்டு, "அடுத்தவங்க" என்பார். அவ்வளவுதான். சாயங்காலம் போனில் மெசேஜ் வந்தால்தான் தெரியும். அவர் "அடுத்தவங்க" சொன்ன விதத்தை வைத்து முடிவைக் கணிக்கிற நிபுணர்கள் எங்களில் நான்கைந்து பேர் இருந்தோம். இழுத்துச் சொன்னால் பாஸ், வெட்டிச் சொன்னால் ஃபெயில் என்று ஒரு கட்சி. அதற்கு நேரெதிராக இன்னொரு கட்சி. எந்தக் கட்சியும் ஜெயித்ததில்லை.

இனி வேதகிரி.

இருபத்திரண்டு வருடத்தில் வண்டி கற்றுக்கொள்ள பஸ்ஸில் வந்து இறங்கிய முதல் ஆள் வேதகிரிதான். திருக்கழுக்குன்றம் பக்கத்து ஆள், வயது நாற்பத்தொன்று, செருப்புக் கடையில் வேலை பார்த்தவர். கடையை மூடிவிட்டார்கள். எட்டு மாதமாக வீட்டில் இருந்தார். மனைவி சிறுசேரியில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கேன்டீனில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். இப்போது படூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் இவருக்கு வேலை அமைந்திருந்தது. காலையில் நான்கைந்து இடங்களில் எடுத்து வைத்திருக்கும் ரத்தத்தைப் பெட்டியில் வாங்கிக்கொண்டு வந்து சேர்க்க வேண்டும். வண்டி அவர்களே தருவார்கள்.

"கியர் இல்லாத லைசென்ஸ் எடுத்துக்கயேன்பா. சுலபம்" என்றேன்.

"இல்ல மாஸ்டர். கியர் லைசென்ஸ் கீதான்னு கேட்டாங்க. கீதுன்னு சொல்லிட்டேன்."

"கீதா?"

"இல்ல மாஸ்டர். அதான் வந்துகீறேன்."

நாற்காலியில் அவர் பிரமாதமாக ஓட்டினார். ஏகாம்பரமே எழுந்து நின்று கைதட்டினார். நிஜ வண்டியிலும் நேராகப் போவதில் குறை இல்லை. ஏரிக்கரையை ஒட்டி எங்களுக்கு ஒரு பயிற்சி மைதானம் இருந்தது. அங்கே சுண்ணாம்பில் எட்டு வரைந்திருப்போம். முதல் வளையத்தில் நன்றாகப் போவார். நடுவில் திரும்பும் இடம் வந்ததும் நான் பழக்கப்படி, "காலை வைக்காத!" என்று கத்துவேன். வலது கால் வெளியே பாய்ந்து, தரையில் அடித்து நிற்கும். வண்டியும் நிற்கும்.

கால் ஊன்றாத மாணவன் இல்லை. ஆனால் மற்றவர்கள் தடுமாறி ஊன்றுவார்கள். வேதகிரி முடிவெடுத்து ஊன்றுவார். நான் அங்கே கத்தினால் போதும், கால் குறி தவறாமல் முன்சக்கரத்துக்கு ஒரு சாண் பின்னால் விழும். இரண்டு வாரத்தில் மூன்று ஜோடிச் செருப்பு பிய்ந்தது. செருப்புக் கடையில் இருந்தவராக இருந்தும் அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"இன்னாய்யா கால் இது? ஏன் இப்டி வுடுற?" என்று ஒருநாள் கேட்டேன்.

கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். அவர் ஊர்ப் பக்கம் ஒரு கோயில் தேருக்கு வருடா வருடம் கட்டை போடுகிறவர் அவர். தேருக்கு ஸ்டீயரிங் கிடையாது. ஆள் உயரச் சக்கரம் உருண்டு வரும்போது அதன் அடியில் மரக்கட்டையைத் தள்ளித்தான் திருப்புவார்கள், நிறுத்துவார்கள். ஒரு நொடி தப்பினால் கை போகும். பதினெட்டு வயதிலிருந்து செய்கிறார். சக்கரம் திரும்புகிற இடத்தில் ஏதாவது ஒன்றை அடியில் போட வேண்டும் என்று உடம்பு பழகிவிட்டது.

"கையில கட்ட இல்ல. அதான் கால் போவுது போல" என்றார்.

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. வேறு யாருக்கும் இந்த வியாதி இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அதனால் வைத்தியத்தையும் நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. துண்டை இரண்டாகக் கிழித்து இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டோடு சேர்த்துக் கட்டினேன். நடு வளைவில் வழக்கம்போலக் கத்தினேன். வண்டியும் அவரும் ஒன்றாக, நிதானமாக, தென்னைமரம் சாய்வதுபோல் சாய்ந்தார்கள். ஓடிப் போய்ப் பார்த்தால் படுத்தபடியே மேலே என்னைப் பார்க்கிறார்.

"கால் தரையில படல மாஸ்டர்."

"யோவ், உடம்பு பூராப் பட்டுக்கீதே!"

முதல் டெஸ்டில், வேலிக்கு வெளியே நின்றிருந்த நான் "காலை வைக்காத வேதகிரி!" என்று கத்தினேன். கால் விழுந்தது. மேடம் என் பக்கம் தலையை மட்டும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடுத்தவங்க" என்றார். இரண்டாவது டெஸ்டில் வாயைத் திறப்பதில்லை என்று சபதம் எடுத்து, டீ கிளாஸைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஏகாம்பரம், "பூப்போல! பூப்போல!" என்று கத்தினார். கால் விழுந்தது.

அன்று மத்தியானம் வேதகிரி நாஸ்தாகூடச் சாப்பிட்டிருக்கவில்லை. எல்.எல்.ஆர். முடிய இரண்டு மாதத்துக்கும் குறைவு.

"பொங்கல் முடிஞ்சி வரலன்னா வேற ஆளப் போட்டுக்குவோம்னுட்டாங்க மாஸ்டர். ஏற்கெனவே ஒருக்கா தவண கேட்டுட்டேன்" என்றார். பிறகு, "சின்னப் பொண்ணு என்னிய வாட்ச்மேன்னு கூப்டுது. வூட்டப் பாத்துக்குனு கீறேனாம்" என்று சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. மாதக்கணக்கில் வீட்டில் இருந்தால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் இருந்தபோது எனக்கு வீடு மட்டும் இல்லை.

இந்த நேரத்தில் மைதானத்தில் இன்னொரு தலைவலி வந்து சேர்ந்தது. எட்டு வடிவத்தில் நடந்தால் சர்க்கரை இறங்கும் என்று யாரோ சொல்லி, ஊரெல்லாம் எட்டு நடக்க ஆரம்பித்திருந்தார்கள். எங்கள் மைதானத்தில் சுண்ணாம்பில் வரைந்த எட்டு தயாராக இருந்தது. ஒருநாள் காலை ஆறரை மணிக்குப் போனால், எட்டின் மேல் ஏழு பேர் வரிசையாக நடந்துகொண்டிருக்கிறார்கள். தலைமை, சரோஜா டீச்சர். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்திரண்டு வயது. புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ.

"அம்மா, இது வண்டி ஓட்டற எட்டும்மா" என்றேன்.

"எட்டுல என்னங்க வண்டி ஓட்டற எட்டு, நடக்கற எட்டு? இடம் புறம்போக்குதானே?"

புறம்போக்குதான். அதனால் பேச்சுவார்த்தை நடத்தினோம். ஆறரையிலிருந்து ஏழரை வரை நடக்கிறவர்களும் ஓட்டுகிறவர்களும் எட்டைப் பகிர்ந்துகொள்வது என்று முடிவானது. டீச்சர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"நாங்க மூச்சை எண்ணிக்கிட்டே நடக்கறோம். நீங்க கத்தினா எண்ணிக்கை போயிடுது. அந்த ஒரு மணி நேரம் இங்க ஒருத்தரும் வாயைத் திறக்கக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். மறுநாள் முன்னால் ஏழு பேர் நடக்க, பின்னால் வேதகிரி முதல் கியரில் ஊர்ந்தார். முதல் வளையம். நடு வளைவு. நான் கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். கால் விழவில்லை. இரண்டாவது வளையம். கால் விழவில்லை. ஒரு மணி நேரத்தில் முப்பது எட்டுக்கு மேல் போட்டார். கால் ஒருமுறைகூடக் கீழே வரவில்லை. ஏழரை மணிக்கு நடக்கிறவர்கள் போனார்கள். எனக்கு வாய் திறக்க அனுமதி வந்தது. "சபாஷ்! இன்னொன்னு போடு! காலை வைக்காத!" என்றேன். கால் விழுந்தது.

விஷயம் விளங்கிவிட்டது என்று நினைத்தோம். ஏகாம்பரம்தான் அதை அழகாக எடுத்துச் சொன்னார். "தேருக்கு முன்னாடி வடம் புடிக்கற ஜனம் போவுதில்ல? ஜனம் முன்னாடி போனாத்தான் இவனுக்கு ஓடும். இது சயின்ஸ்." மூன்று நாள் சோதித்துப் பார்த்தோம். ஆட்கள் முன்னால் நடந்தால் கால் விழவில்லை. ஆட்கள் போனதும் விழுந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை.

ஆனால் டெஸ்டு மைதானத்தில் ஏழு சர்க்கரை நோயாளிகளை முன்னால் நடக்கவிட மேடம் சம்மதிப்பாரா? யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். கூட்டம் அதிகமான நாளில் ஒருவர் எட்டை முடிப்பதற்குள் மேடம் அடுத்தவரைக் கிளப்பிவிடுவார். அப்படியானால் வேதகிரிக்கு முன்னால் வரிசையில் நம் ஆள் ஒருவர், மெதுவாக ஓட்டுகிறவராக இருக்க வேண்டும். இதை நடக்கிறவர்களிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

சரோஜா டீச்சர் நடப்பதை நிறுத்தவில்லை. அந்த வளையத்தை முடித்துவிட்டு என் முன்னால் வந்து நின்றார்.

"லைசென்ஸுக்கு மேல் வயசு வரம்பு ஏதாவது இருக்கா?"

"இல்லம்மா."

"நான் போறேன். கியர் இல்லாதது போதும் எனக்கு."

"டீச்சரம்மா, உங்களுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?" என்றார் வேதகிரி.

"நீ சும்மா இருப்பா. முப்பத்தஞ்சு வருஷம் ஃபெயிலானவங்களை உட்கார வச்சுப் பாத்திருக்கேன். பாஸ் பண்றவனை முன்னாடி நின்னு பாக்கணும்."

அவர் எல்.எல்.ஆர். போட்டார். டாக்டர் சான்று வாங்கினார். கம்ப்யூட்டர் கேள்விகளில் ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை, இரண்டு கேள்விகள் தப்பாகக் கேட்கப்பட்டிருப்பதாக எழுதியும் கொடுத்துவிட்டு வந்தார். முப்பது நாளில் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டார். நடக்கிற வேகத்தில்தான் ஓட்டுவார். எங்களுக்கும் அதுதான் தேவை.

பொங்கலுக்கு முந்தின வாரம் டெஸ்டு. மைதானத்தில் நல்ல கூட்டம். வரிசையில் டீச்சர், அவருக்குப் பின்னால் வேதகிரி. மேடம் குடையோடு நடந்து வரும்போது வேலியோரம் என்னைப் பார்த்து நின்றார். ஸ்கூலைச் சோதனை போட வந்தபோது பெஞ்சில் பார்த்த முகம் நினைவில் இருந்திருக்க வேண்டும்.

"நீங்க இன்னும் பாஸ் ஆகலையா?"

"முயற்சி பண்ணிக்குனு கீறேன் மேடம்."

"விடாதீங்க" என்றார். இத்தனை வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே ஆறுதல் அது.

டீச்சர் கிளம்பினார். பாதி எட்டில் மேடம் கை காட்ட, வேதகிரியும் கிளம்பினார். முதல் வளையம், நடு வளைவு, இரண்டாவது வளையம். டீச்சரின் புடவை முந்தானையைப் பார்த்துக்கொண்டே வேதகிரி போகிறார். கால் அசையவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டீச்சர் எட்டை முடித்தார். முடித்ததும் வண்டியை எங்கே நிறுத்த வேண்டும் என்று நான் அவருக்குச் சொல்லித்தரவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

அவர் நிறுத்தவில்லை. நேராக கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போய்விட்டார். வேதகிரி பின்னாலேயே போய்விட்டார்.

மேடம் முதல்முறையாக நின்ற இடத்திலிருந்து நகர்ந்தார். "ஏய்! எங்க போறீங்க?" என்றார். நான் வேலியைச் சுற்றிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். எட்டு விரலை வைத்துக்கொண்டு எவ்வளவு ஓட முடியுமோ அவ்வளவு ஓடினேன். ஊர்வலம் பஸ் ஸ்டாப்பைத் தாண்டி, பழக்கடையைத் தாண்டி, ஒரு மருந்துக் கடை வாசலில் போய் நின்றது. டீச்சர் கடைக்காரரிடம் தண்ணீர் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தலை சுத்துதுங்க. இவர் திரும்பிப் போகட்டும், நேரமாச்சு."

"தனியாவா?" என்றார் வேதகிரி.

"வேற யாரைக் கூப்பிடுவே? போப்பா."

வேதகிரி என்னைப் பார்த்தார். எனக்குப் பேச மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டினேன். அவர் திரும்பிப் போய்விட்டார்.

நான் பின்னால் போய்ச் சேர்ந்தபோது மேடம் அவரை எட்டின் ஆரம்பத்தில் நிறுத்தியிருந்தார். மைதானமே அமைதியாக நின்று பார்த்தது. மேடத்தின் குரல் எனக்கு நன்றாகக் கேட்டது.

"எட்டுப் போடச் சொன்னா ஊர்கோலம் போறீங்களா? யார் பின்னாடியும் போகக் கூடாது. தனியா போடுங்க. ஒரே தடவை. இல்லன்னா எழுதிடுவேன்."

ஏகாம்பரம் அன்று வந்திருக்கவில்லை, ஷேர் ஆட்டோ கிடைக்கவில்லையாம். வேதகிரி கிளம்பினார். முன்னால் ஒருவரும் இல்லை. முதல் வளையம் முடிந்தது. நடு வளைவு வந்தது. வலது கால் ஃபுட்ரெஸ்டை விட்டு வெளியே பாய்ந்தது. நான் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு "காலை வைக்காத" என்று கத்த வாயைத் திறந்தேன். மூச்சு வாங்கியதில் காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை.

கால் கீழே போய், தரைக்கு நான்கு விரல் மேலே அப்படியே நின்றது.

வண்டி போய்க்கொண்டிருந்தது. கால் நீட்டியது நீட்டியபடி. வேதகிரியின் முகத்தில் எதற்கோ காத்திருப்பதுபோல ஒரு கவனம். மேடம் குனிந்தார். குடையை மடக்கிக் கீழே போட்டுவிட்டு, ஒரு கை முழங்காலில், ஒரு கை இடுப்பில், காலுக்கும் தரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பார்த்துக்கொண்டே வண்டியோடு குனிந்தபடி நடந்தார். இரண்டாவது வளையம் முழுவதும் அப்படியே போனார்கள், ஒருவர் காலை நீட்டிக்கொண்டு, ஒருவர் முதுகை வளைத்துக்கொண்டு. மீன் கொத்த நிற்கிற நாரையை வேடந்தாங்கலில் பார்த்திருக்கிறேன். அது நகராது, அவ்வளவுதான் வித்தியாசம்.

எட்டு முடிந்தது. மேடம் நிமிர்ந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "தரையில படல." பிறகு அதைத் தனக்கே இன்னொருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். கால் தரையில் படக் கூடாது என்றுதான் விதி. காற்றில் இருப்பதைப் பற்றி விதி ஒன்றும் சொல்லவில்லை. எழுதினார்.

"அடுத்தவங்க."

வெளியே வந்த வேதகிரியை மருந்துக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டீச்சர் தெளிவாகி, பிஸ்கெட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கால் ஏன்யா அந்தரத்துல நின்னுது?" என்று கேட்டேன்.

"கட்ட போடறவன் தன்னிஷ்டத்துக்குப் போட மாட்டான் மாஸ்டர்" என்றார் வேதகிரி. "கட்டயத் தூக்கிக்குனு ரெடியா குனிஞ்சி நிப்போம். சக்கரத்தத் தவிர எதையும் பாக்க மாட்டோம். மேலேர்ந்து ஒரு சவுண்டு வரும். இன்னா சொல்றாங்கன்னுலாம் காதுல ஏறாது. சவுண்டு வந்தா போட்டுடணும். இன்னிக்கி தனியா வுட்டதுல கால் முன்னாடியே ரெடியாயிட்ச்சி. நானும் பாத்தேன், பாத்தேன், சவுண்டே வரல."

டீச்சர் பிஸ்கெட் தின்பதை நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கணக்கு டீச்சரின் பார்வை அது.

"மாஸ்டர், காலைல நாங்க நடக்கறப்போ நீங்க கத்த மாட்டீங்க இல்ல?"

"மாட்டேன்மா."

"நாங்க போனதும்?"

ஐந்தரை மாதம், மூன்று ஜோடிச் செருப்பு, ஒரு துண்டு, இரண்டு டெஸ்டு, ஓர் அறுபத்திரண்டு வயது அம்மாவுக்கு எல்.எல்.ஆர். எல்லாம் என் தொண்டையால் வந்தது. வேதகிரிக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை. புரிந்திருந்தாலும் காட்டிக்கொள்ளவில்லை. "டீ சாப்டலாமா மாஸ்டர்?" என்றார்.

சாயங்காலம் இருவருக்குமே பாஸ் என்று மெசேஜ் வந்தது. அன்றைக்கு மேடம் சொன்னது இழுத்த "அடுத்தவங்க"வா, வெட்டிய "அடுத்தவங்க"வா என்று எங்கள் நிபுணர்கள் ஒரு வாரம் சண்டை போட்டார்கள். நான் கலந்துகொள்ளவில்லை. அதன் பிறகு வேலையில் இருந்த வரை யார் எட்டுப் போட்டாலும் நான் முதுகைத் திருப்பிக்கொண்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். என்னிடம் படித்தவர்கள் முன்னைவிட நன்றாகவே பாஸ் ஆனார்கள் என்பதை இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும்.

பொங்கல் முடிந்து வேதகிரி படூருக்கு வேலைக்குப் போனார். வண்டி கொடுத்தார்கள். பேட்டரி ஸ்கூட்டர். அந்த மாதம்தான் பெட்ரோல் வண்டிகளை எல்லாம் மாற்றியிருந்தார்களாம். மணிக்கு இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகாத, சின்ன மோட்டார் வைத்த சாது வண்டி. கியர் கிடையாது. அந்த வகை வண்டிக்குச் சட்டப்படி லைசென்ஸே வேண்டாம்.

மாசி மாதக் கடைசியில் நான் ஒரு வேலையாகப் படூர் போயிருந்தேன். வேதகிரி கேளம்பாக்கம் வரை கொண்டுவந்து விடுகிறேன் என்று பின்னால் ஏற்றிக்கொண்டார். சட்டைப் பையில் லைசென்ஸ், பிளாஸ்டிக் உறைக்குள், வெளியே தெரிகிற மாதிரி. கேளம்பாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால் போலீஸ் நின்று வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தது. எங்களை மறிக்கவில்லை. கையை அசைத்துப் போகச் சொன்னார்கள். வேதகிரி ஓரமாகப் போய், தானாக நிறுத்தினார்.

"சார், லைசென்ஸ் பாக்கலயா?"

போலீஸ்காரருக்கு வயது அதிகம். வெயிலில் முகம் கறுத்திருந்தது. "இதுக்கு இன்னாத்துக்குய்யா லைசென்ஸு? போ, போ. பின்னாடி வண்டி நிக்குது."

"கியர் லைசென்ஸ் சார். தினமும் இந்த வழியாத்தான் போறேன். ரெண்டு மாசமா யாரும் கேக்கல."

"கேக்கலன்னா நல்லதுதானே?"

"ஒரு தபா பாருங்க சார்."

போலீஸ்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். பின்னால் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். நான் ஏரியைப் பார்ப்பதுபோல் எதிரே இருந்த பெயின்ட் கடையைப் பார்த்தேன். அவர் கையை நீட்டி லைசென்ஸை வாங்கினார். போட்டோவைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். மறுபடி போட்டோவைப் பார்த்தார். திருப்பி, பின்பக்கத்தை வெயிலில் சாய்த்துப் பிடித்து, தேதியை வாய்க்குள் படித்தார். உறையின் மேலிருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு நீட்டினார்.

"எல்லாம் கரெக்டா கீது. போய்ட்டு வாங்க சார்."